ஷெரிஃப் தேர்தல் நவம்பரில் இல்லையாம், மார்ச்சிலாம்: சின்னக் கவுண்டியில் முதல் பிரைமரி வோட்டு

காற்றாலைக்காரன் | 27 ஜனவரி 2024

வணக்கம். நாலு வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. மேற்கு டெக்சாஸில் ஒரு சின்னக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறோம். பக்கத்துப் பெரிய ஊர் அபிலீன், அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும், வழியெல்லாம் பருத்தியும் காற்றாலையும்தான். அந்தக் காற்றாலையில்தான் எனக்குப் பராமரிப்பு வேலை. மனைவி இங்குள்ள அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். போன செப்டம்பரில் இரண்டு பேருக்கும் சிட்டிசன்ஷிப் வந்தது. முதல் வோட்டு இந்த நவம்பரில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை டெய்ரி குவீன் கடையில் கூட வேலை பார்க்கிறவன் சொல்கிறான், "நவம்பரில் என்ன இருக்கிறது, ஷெரிஃப் யாரென்று மார்ச்சிலேயே தெரிந்துவிடும்" என்று. விசாரித்தால் ஷெரிஃப், அதாவது கவுண்டிப் போலீஸ் தலைவர், பதவிக்கு மூன்று பேர் நிற்கிறார்கள், மூன்று பேருமே ரிபப்ளிகன். டெமாக்ரட் பக்கம் ஆளே இல்லை. ஷெரிஃப் விஷயம் எனக்குச் சும்மா இல்லை. போன வருடம் நாங்கள் வேலை செய்யும் இடத்தில் செப்புக் கேபிளை வெட்டிக்கொண்டு போனார்கள், போன் பண்ணி ஆள் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூன்று பேரில் ஒருவர் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு திரிகிறார்.

என் சிக்கல் என்னவென்றால் ஜனாதிபதிக்கும் செனட்டுக்கும் நான் டெமாக்ரட் பக்கம்தான். அந்தப் பக்கத்துப் பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல்) போட்டால் அந்த வோட்டுச் சீட்டில் ஷெரிஃப் பதவி இருக்காது. ரிபப்ளிகன் பிரைமரியில் நான் போடலாமா? சட்டப்படி சரியா, மனசாட்சிப்படி சரியா, இரண்டையும் சொல்லுங்கள். இன்னொன்று, அக்டோபரில் அனுப்பிய வோட்டர் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபாரம் திரும்பி வந்துவிட்டது. வீட்டு முகவரி என்ற இடத்தில் பி.ஓ. பாக்ஸ் எழுதிவிட்டேனாம். இங்கே தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை, எல்லோருக்கும் பாக்ஸ்தான், அதனால் அதுவே கைக்கு வந்துவிட்டது.

வேலூர்அக்கா | 27 ஜனவரி 2024

தம்பி, முதலில் ஃபாரம். பிப்ரவரி 5 கடைசி நாள், தேர்தலுக்கு முப்பது நாள் முன்னால். இன்றைக்குச் சனி. திங்கட்கிழமை நேராக டாக்ஸ் ஆபீசுக்குப் போய்விடுங்கள், தபாலை நம்பாதீர்கள். டெக்சாஸில் இதை ஆன்லைனில் முடிக்க முடியாது, லைசென்ஸ் புதுப்பிக்கும்போது சேர்த்துச் செய்வது மட்டும்தான் விதிவிலக்கு. சின்னக் கவுண்டிகளில் பெரும்பாலும் டாக்ஸ் அசெஸர் என்ற வரி அதிகாரிதான் வோட்டர் ரிஜிஸ்ட்ராரும். வண்டிக்கு வருடா வருடம் ஸ்டிக்கர் வாங்கும் அதே ஜன்னல். வீட்டு முகவரிக்கு 911 அவசர உதவிக்காரர்கள் கொடுத்த கவுண்டி ரோடு நம்பரை எழுதுங்கள், பி.ஓ. பாக்ஸ் அதற்குக் கீழே தபால் முகவரி என்ற கட்டத்தில். மனைவிக்கும் தனி ஃபாரம்.

கிழக்கு டெக்சாஸில் பைன் மரக் காட்டுக்குள் நர்ஸாக இருபது வருடம் ஆயிற்று. அதில் ஏழெட்டுத் தேர்தலில் சாவடி கிளார்க்காக உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இந்தக் கேள்விகள் எனக்கு மனப்பாடம்.

சட்டப்படி தாராளமாகப் போடலாம். டெக்சாஸில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. வோட்டர் கார்டில் நீ இந்தக் கட்சி என்று எதுவும் இருக்காது. பிரைமரி அன்றைக்கு மேஜைக்கு முன்னால் வந்து எந்தக் கட்சிச் சீட்டு என்று சொல்கிறீர்கள் பாருங்கள், அந்த நிமிஷத்தில் அந்த வருடத்துக்கு அந்தக் கட்சி ஆகிவிடுகிறீர்கள். கார்டைக் காட்டினால் அதில் சீல் அடித்துக் கொடுப்போம். டிசம்பர் 31-உடன் அது செத்துப்போகும். ஒரே ஒரு கட்டுப்பாடு, மார்ச்சில் ஒரு கட்சியில் போட்டால் மே மாத ரன்-ஆஃபில் (யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் நடக்கும் இரண்டாம் சுற்று) மற்றக் கட்சிக்குத் தாவ முடியாது. நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மனசாட்சிக் கணக்கை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், இங்கே அதற்குத்தான் நிறைய பேர் இருக்கிறார்கள் 😀

தாமிரபரணி77 | 28 ஜனவரி 2024

நான் வருகிறேன் அந்தக் கணக்குக்கு. டல்லாஸ் பக்கம் பதினாறு வருடம். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை, நேராகவே சொல்கிறேன். பிரைமரி என்றால் என்ன? ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தானே தேர்ந்தெடுப்பது. நவம்பரில் அந்தக் கட்சிக்குப் போடமாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டு, மார்ச்சில் மட்டும் உள்ளே போய் அவர்கள் வேட்பாளரை நான் தேர்ந்தெடுப்பேன் என்றால் அது பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி.

அதுவும் இல்லாமல் டெமாக்ரட் சீட்டில் ஆல்ரெட், குட்டியரெஸ் இரண்டு பேரும் செனட்டுக்கு மோதுகிறார்கள். டெட் க்ரூஸை எதிர்த்து யார் நிற்கவேண்டும் என்பதில் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா? எல்லோரும் இப்படியே ரிபப்ளிகன் வரிசையில் போய் நின்றால் கிராமத்தில் டெமாக்ரட் கட்சி என்று ஒன்று எப்படி முளைக்கும்?

காற்றாலைக்காரன் | 28 ஜனவரி 2024

அண்ணே, கல்யாண உதாரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மாப்பிள்ளை அப்புறம் என் வீட்டிலும் வந்து உட்காரப்போகிறார், இடுப்பில் துப்பாக்கியோடு. அதுதான் என் பிரச்சினை.

வேலூர்அக்கா | 28 ஜனவரி 2024

தாமிரபரணி சார், டல்லாஸில் இருந்துகொண்டு இது சொல்வது சுலபம். உங்கள் ஊரில் நவம்பரில் நிஜமான போட்டி உண்டு. எங்கள் பக்கத்தில் ஷெரிஃப், டாக்ஸ் அசெஸர், கவுண்டி அட்டர்னி, ஒன்றாம் மூன்றாம் பகுதிக் கமிஷனர் எல்லோரும் இந்த வருடம்தான் தேர்தலுக்கு வருகிறார்கள், எல்லாவற்றுக்கும் மார்ச்சில்தான் முடிவு. நவம்பர்ச் சீட்டில் ஒவ்வொரு பதவிக்குக் கீழும் ஒரே பெயர். கட்டத்தை நிரப்பினாலும் சரி, விட்டாலும் சரி.

போன 2022 பிரைமரியில் எங்கள் சாவடி தீயணைப்பு நிலையத்து ஹாலில். ஒரே வாசல், உள்ளே இரண்டு கட்சிக்கும் தனித்தனி மேஜை. ரிபப்ளிகன் மேஜையில் காலை ஏழு மணிக்கே வரிசை, தீயணைப்பு வண்டி வரைக்கும். டெமாக்ரட் மேஜையில் இரண்டு பாட்டிகள், ஒருத்தர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். நாள் முழுக்கப் பதினோரு பேர் வந்தார்கள். மூன்று மணிக்கு மேல் அந்தப் பாட்டிகள் எங்கள் மேஜைக்குக் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சில கவுண்டிகளில் அந்தக் கட்சிக்குக் கவுண்டித் தலைவரே கிடையாது, பிரைமரியை நடத்தவே ஆள் இல்லை. ஏனென்றால் டெக்சாஸில் பிரைமரியை நடத்தும் பொறுப்பு கவுண்டிக் கட்சித் தலைவருடையது. பணம் பெரும்பாலும் மாநிலம் கொடுக்கிறது, நடத்துவது கட்சி.

ஐவாகாரி | 28 ஜனவரி 2024

இடையில் ஒன்று. எங்கள் ஐவாவில் இந்த மாதம் 15-ஆம் தேதி ரிபப்ளிகன் காகஸ் (கூட்டம் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது) நடந்தது. பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே குளிர், மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எங்களிடம் கட்சிப் பதிவு உண்டு, ஆனால் வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம். உள்ளே பள்ளிக்கூட ஜிம்மில் ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து பேசுவார், பிறகு துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போட வேண்டியதுதான். கலிஃபோர்னியாவில் மாநிலப் பதவிகளுக்கு எல்லோரும் ஒரே சீட்டில், முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள், இரண்டு பேரும் ஒரே கட்சியாக இருந்தாலும். அலாஸ்காவில் நாலு பேர். ஆக "பிரைமரி என்றால் இதுதான்" என்று ஒரே விளக்கம் கிடையாது. அந்த மாநிலச் சட்டம் எதைச் சொல்கிறதோ அதுதான் ஒழுங்கு, அதற்கு மேல் நாமாகச் சுமந்துகொள்வது எதற்கு.

சுகர்லேண்ட்தாத்தா | 29 ஜனவரி 2024

தாமிரபரணி, உன் வாதத்தில் ஒரு சொல் எனக்கு இடிக்கிறது. "கட்சி தன் வேட்பாளரைத் தானே தேர்ந்தெடுப்பது." இதே வாதம் இதே மாநிலத்தில் எங்கே போய் நின்றது என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், ரிடையர் ஆனவனுக்கு நேரம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் டெக்சாஸில் டெமாக்ரட் கட்சி மட்டும்தான். இன்றைக்குக் கிராமத்தில் ரிபப்ளிகன் எப்படியோ அதைவிடக் கெட்டியாக. நவம்பர் வெறும் சடங்கு, பிரைமரிதான் தேர்தல். 1923-இல் கறுப்பர்கள் டெமாக்ரட் பிரைமரியில் வோட்டுப் போடக்கூடாது என்று மாநிலமே சட்டம் போட்டது. எல் பாஸோவில் நிக்ஸன் என்று ஒரு கறுப்பின டாக்டர் வழக்குப் போட்டார், 1927-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. உடனே மாநிலம் என்ன செய்தது? கட்சியின் செயற்குழுவே முடிவு செய்துகொள்ளட்டும் என்று சட்டத்தை மாற்றியது. அதுவும் 1932-இல் விழுந்தது. அப்புறம் கட்சி மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள்: நாங்கள் தனியார் சங்கம், எங்கள் சங்கத்தில் யார் உறுப்பினர் என்பது எங்கள் இஷ்டம். 1935-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது! ஹூஸ்டன் பல் டாக்டர் லோனி ஸ்மித் போட்ட வழக்கில் 1944-இல்தான் அது உடைந்தது.

அத்தோடும் முடியவில்லை. நான் இருக்கும் இதே ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் ஜேபேர்ட் சங்கம் என்று ஒன்று, 1889-இலிருந்து. வெள்ளையர்கள் மட்டும். அவர்கள் டெமாக்ரட் பிரைமரிக்கு முன்னாலேயே தங்களுக்குள் ஒரு தேர்தல் நடத்துவார்கள். அதில் ஜெயித்தவர்தான் பிரைமரியிலும் ஜெயிப்பார், நவம்பரிலும் ஜெயிப்பார். அறுபது வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. "இது கட்சிகூட இல்லை, சும்மா ஒரு கிளப்" என்பதுதான் அவர்களுடைய பதில். 1953-இல் உச்ச நீதிமன்றம் அதையும் மூடியது. அப்போது இங்கே முழுக்கக் கரும்பும் பருத்தியும். இன்றைக்கு அதே கவுண்டியில் பொங்கலுக்கு ஹால் கிடைப்பதில்லை, அத்தனை தமிழ்க் குடும்பம்.

உன்னை அவர்களோடு சேர்க்கவில்லையப்பா. முடிவு எந்த அறையில் நடக்கிறதோ அந்த அறைக்கு வாசல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தம்பி நிற்பது அந்த வாசலில்.

தாமிரபரணி77 | 29 ஜனவரி 2024

தாத்தா, ஜேபேர்ட் விஷயம் தெரியாது, நன்றி. ஆனால் தோலின் நிறத்தைப் பார்த்து வெளியே நிறுத்துவதும், "எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டு வந்து போடு" என்பதும் ஒன்றில்லை. சேருகிறவன் சேரலாமே.

சுகர்லேண்ட்தாத்தா | 29 ஜனவரி 2024

ஒன்றில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

காற்றாலைக்காரன் | 30 ஜனவரி 2024

ஃபாரம் கொடுத்தாயிற்று, அக்காவுக்குக் கும்பிடு. ஜன்னலில் இருந்த அம்மா, "ஓ, நீங்கள்தானே டீச்சரின் வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டு முகவரியை அவரே சரிபார்த்தார்.

ஆனால் ஒரு தமிழ்ப் பிரச்சினை. லைசென்ஸில் என் அப்பா பெயர் கடைசிப் பெயர், சிட்டிசன்ஷிப் சான்றிதழிலும் அப்படித்தான், ஃபாரத்தில் அவசரத்தில் அப்பா பெயருக்கு இனிஷியல் மட்டும் போட்டிருக்கிறேன். சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

அப்புறம் மனைவி இந்த இழையைப் படித்துவிட்டு, "ஷெரிஃப் ஷெரிஃப் என்கிறீர்களே, ஸ்கூல் விஷயத்தை ஏன் எழுதவில்லை" என்றாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன். போன நவம்பர் 17-ஆம் தேதி மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் வவுச்சர் திட்டத்தைச் சட்டசபை ஹவுஸில் 84க்கு 63 என்று வெட்டிவிட்டார்கள் இல்லையா, அரசுப் பணத்தைத் தனியார் பள்ளிக்குக் கொடுக்கும் திட்டம். 21 ரிபப்ளிகன்கள் டெமாக்ரட்டுகளோடு சேர்ந்து போட்டார்கள், பெரும்பாலும் கிராமத்துப் பிரதிநிதிகள். இப்போது கவர்னர் அபாட் அவர்களை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார். பென்சில்வேனியாவில் இருக்கும் ஜெஃப் யாஸ் என்ற கோடீஸ்வரர் அவருக்கு ஒரே தடவையில் 60 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறார். எங்கள் தபால் பெட்டியில் தினமும் இரண்டு பளபள அட்டை, எங்கள் பிரதிநிதி எல்லையைத் திறந்துவிடுகிறார் என்று. பள்ளிக்கூடம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இங்கே தனியார் பள்ளியே கிடையாது. பக்கத்தில் இருப்பது அபிலீனில். கவுண்டியில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது பள்ளிக்கூடம்தான், வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பாலுக்கு ஊரே அங்கேதான். அதற்கு வரும் வரிப்பணத்தில் எங்கள் காற்றாலைப் பங்கும் இருக்கிறது. டெமாக்ரட் சீட்டு எடுத்தால் இதிலும் எனக்கு வோட்டு இல்லை.

வேலூர்அக்கா | 30 ஜனவரி 2024

பெயர் விஷயம்: பயப்படாதீர்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல இருந்தால் போதும் என்று விதி உண்டு. பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு சின்னக் கட்டத்தில் இனிஷியல் போடச் சொல்வார்கள், "இரண்டும் நான்தான்" என்று அர்த்தம். போட்டுவிட்டு உள்ளே போகலாம். கல்யாணத்துக்கு அப்புறம் பெயர் மாற்றிய பெண்களுக்குத்தான் இது அதிகம் வரும், நாங்கள் பார்த்துப் பழகியவர்கள். பாஸ்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். துப்பாக்கி லைசென்ஸ்கூடச் செல்லும், காலேஜ் ஐடி செல்லாது, அது நம் டெக்சாஸ்.

தொப்பி, டி-ஷர்ட்டில் வேட்பாளர் பெயர் இருக்கக் கூடாது. நூறு அடிக்குள் போன் எடுக்கக் கூடாது. சாயங்காலம் ஏழு மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் போதும், எத்தனை மணியானாலும் போட விடுவார்கள். ஏர்லி வோட்டிங் (தேர்தல் நாளுக்கு முன்னாலேயே போடுவது) பிப்ரவரி 20-இலிருந்து மார்ச் 1 வரை, வேலை ஷிப்ட் எப்படி என்று பார்த்து அப்போதே முடித்துவிடுங்கள். கவுண்டியில் அது கோர்ட்ஹவுஸ் ஒன்றில்தான் நடக்கும் பெரும்பாலும்.

முள்வேலி | 31 ஜனவரி 2024

புதிய ஆள், டெக்சாஸ் வடகோடியில் பான்ஹேண்டில் பக்கம் மோட்டல் வைத்திருக்கிறேன். நான் ரிபப்ளிகன், மறைக்க ஒன்றுமில்லை. எனக்கும் தாமிரபரணி சொல்வதுதான் சரி என்று படுகிறது, ஆனால் வேறு காரணத்துக்காக. எங்கள் கட்சிக்குள் சண்டையை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். வவுச்சரை ஆதரிப்பவர் ஜெயிக்க வேண்டும் என்று கட்சிக்காரர்கள் நினைத்தால் அது கட்சியின் முடிவு. டெமாக்ரட்டுகள் பத்துப் பேர் உள்ளே வந்து அதை மாற்றினால் யாருக்குக் கோபம் வராது?

இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை. யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம், எந்தப் பிரைமரியில் போட்டீர்கள் என்பது ரகசியம் இல்லை. அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதற்குப் பிறகு ஆறு வருடம் உங்கள் போனுக்கு டெக்ஸ்ட் வரும், முடிவே கிடையாது. சின்ன ஊரில் பட்டியலைப் பார்ப்பவர்கள் பார்ப்பார்கள்.

காற்றாலைக்காரன் | 31 ஜனவரி 2024

முள்வேலி அண்ணே, நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஒரு கேள்வி. உங்கள் கவுண்டியில் கமிஷனர் ரோடு போடாமல் விட்டால் அது ரிபப்ளிகன் குழியா, எல்லோருக்கும் பொதுவான குழியா?

முள்வேலி | 31 ஜனவரி 2024

குழி பொதுதான் 😂 அதற்காக டிக்கெட்டையும் பொதுவாக்க முடியுமா? நம் ஊரில் சீட் யாருக்கு என்று தலைமை சொல்லும், தொண்டன் போஸ்டர் ஒட்டுவான். இங்கே அந்த உரிமை கட்சிக்காரனிடமே இருக்கிறது. அதையும் ஊருக்குப் பங்கு போட்டுக் கொடு என்கிறீர்கள்.

மட்டுறுத்துநர் | 1 பிப்ரவரி 2024

நேற்று இரவு வந்த நாலு பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன. எல்லைச்சுவர், ட்ரம்ப், பைடன் மூன்றுக்கும் தனி இழை இருக்கிறது. இங்கே பிரைமரி மட்டும்.

தாமிரபரணி77 | 18 பிப்ரவரி 2024

மாதிரிச் சீட்டுகளைப் பார்த்தேன். ரிபப்ளிகன் சீட்டின் கடைசியில் ஒரு டஜனுக்கு மேல் கேள்விகள் இருக்கின்றன, ஆம் இல்லை என்று குறிக்க. இதெல்லாம் சட்டமாகுமா?

வேலூர்அக்கா | 18 பிப்ரவரி 2024

ஆகாது. கட்சி தன் ஆட்களின் கருத்தைக் கேட்டு வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் சாவடியில் அதிக நேரம் பிடிப்பது அதுதான். பெரியவர்கள் ஒவ்வொன்றையும் நிதானமாகப் படிப்பார்கள், பின்னால் நிற்பவர் காலை மாற்றி மாற்றி வைப்பார்.

காற்றாலைக்காரன் | 27 பிப்ரவரி 2024

போட்டாயிற்று. இன்றைக்குச் சாயங்காலம், கோர்ட்ஹவுஸ் தரைத்தளத்தில்.

மனதில் பெரிய தயாரிப்போடு போனேன். உள்ளே போனால் கிளார்க் மேஜையில் எங்கள் வீட்டுக்குப் புரொப்பேன் கொண்டுவருபவரின் மனைவி. லைசென்ஸைப் பார்த்தார், பெயரைத் தேடினார், கட்டத்தில் இனிஷியல் வாங்கினார். அப்புறம், "எந்தப் பிரைமரி, ஹனி?" என்றார். அது அவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பின்னால் எங்கள் சூப்பர்வைசர், அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட பஸ் டிரைவர். என் வாயிலிருந்து "ரிபப்ளிகன்" என்று வந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அடுத்து வந்த என் மனைவியிடம் அந்த அம்மா கேள்வியே கேட்கவில்லை, சீட்டை எடுத்து நீட்டப் போனார். இவள், "நீங்கள் கேட்கவில்லையே" என்றாள். அந்த அம்மா சிரித்துவிட்டுக் கேட்டார். ஒரு கணம் இவள் டெமாக்ரட் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குத் திக்கென்றது. சொல்லவில்லை, ஆனால் யோசித்தாளாம், காரில் வரும்போது சொன்னாள்.

ஜனாதிபதிக்கு அந்தச் சீட்டில் நிக்கி ஹேலி என்று ஒரு பெயர் இருந்தது, ஒரு கை நீண்டது. யாருக்கு என்று சொல்லமாட்டேன்.

தாமிரபரணி77 | 6 மார்ச் 2024

நான் டெமாக்ரட் பிரைமரியில் போட்டேன், ஆல்ரெட் ரன்-ஆஃப் இல்லாமலேயே ஜெயித்துவிட்டார். காற்றாலைக்காரரே, உங்கள் ஊர் நிலவரம்?

காற்றாலைக்காரன் | 6 மார்ச் 2024

ஷெரிஃப் ரன்-ஆஃபுக்குப் போய்விட்டது, ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. கேபிள் திருட்டைப் பற்றிப் பேசியவர் இரண்டாவது இடம். வவுச்சரை எதிர்த்த பிரதிநிதிகளில் சான் ஆஞ்சலோ டார்பியும் அபிலீன் லாம்பர்ட்டும் தப்பித்துவிட்டார்கள், வேறு பலர் போய்விட்டார்கள். மனைவி ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் யாரும் சத்தமாகப் பேசவில்லையாம்.

முள்வேலி | 16 மார்ச் 2024

கில்லெஸ்பி கவுண்டிக் கூத்தைப் படித்தீர்களா? ஃப்ரெடெரிக்ஸ்பர்க், பீச் பழத்துக்குப் பெயர் போன ஊர். அங்கே எங்கள் கட்சிக்காரர்கள் மெஷின் வேண்டாம் என்று எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகளைக் கையாலேயே எண்ணினார்கள். விடிகாலை வரைக்கும் போயிற்று. பிரமாதமாக நடந்தது என்று சொன்னார்கள், அப்புறம் பார்த்தால் ஏறக்குறைய எல்லாச் சாவடிக் கணக்கிலும் ஏதாவது ஒரு பிழை. எங்கள் கவுண்டியிலும் இதே கோரிக்கை ஓடுகிறது. என் கட்சிதான், ஆனால் மோட்டல் கணக்கை நானே கையால் எழுதிப் பார்த்தவன், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

வேலூர்அக்கா | 16 மார்ச் 2024

கையால் எண்ணுவதை நான் ஒரு சின்ன உள்ளூர்த் தேர்தலில் செய்திருக்கிறேன். ஒருவர் சீட்டைப் பார்த்து உரக்க வாசிப்பார், மூன்று பேர் தனித்தனித் தாளில் கோடு போடுவோம், நாலு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்குக் கோடு. மூன்று தாளும் ஒத்துப்போக வேண்டும். முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக வரும். இரவு பதினொன்றுக்கு மேல் ஒருத்தர் தும்மினால் ஒரு கோடு போயிற்று. அப்போது அந்தச் சீட்டில் இரண்டே இரண்டு பதவி. பிரைமரிச் சீட்டில் ஜனாதிபதியிலிருந்து கான்ஸ்டபிள் வரை, கடைசியில் அந்தக் கேள்விகள் வேறு. பிழை வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்தப் பிழைகளைக் கண்டுபிடித்து வெளியே சொன்னவரும் கட்சிக்காரர்தான், அது வரைக்கும் நல்லது.

சுகர்லேண்ட்தாத்தா | 17 மார்ச் 2024

கையால் எண்ணிய காலத்தைப் பற்றி யாருக்காவது ஏக்கம் இருந்தால் ஜிம் வெல்ஸ் கவுண்டி, ஆலிஸ் என்ற ஊரின் 13-ஆம் பெட்டியைப் போய்ப் பார்க்கட்டும். 1948 ஆகஸ்ட் 28, செனட்டுக்கு டெமாக்ரட் ரன்-ஆஃப், லிண்டன் ஜான்சனும் கோக் ஸ்டீவன்ஸனும். மாநிலம் முழுக்கப் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வோட்டு. ஸ்டீவன்ஸன் ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஆறு நாள் கழித்து 13-ஆம் பெட்டியில் ஜான்சனுக்கு 200 வோட்டு கூடியது. 765 என்று இருந்ததில் 7-க்கு ஒரு வளைவு போட்டு 965 ஆக்கிவிட்டார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பட்டியலின் கடைசியில் சேர்ந்த பெயர்கள் அகர வரிசையில், ஒரே கையெழுத்தில், ஒரே மையில்! மக்கள் அகர வரிசையில் வந்து வரிசையில் நின்றார்கள் போலிருக்கிறது. ஜான்சன் 87 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கட்சிச் செயற்குழு 29-க்கு 28 என்று ஒப்புக்கொண்டது. 1977-இல் அந்தச் சாவடியின் அதிகாரி லூயிஸ் சாலஸ் தானே முன்வந்து திருட்டு நடந்தது உண்மை என்றார், அதற்குள் ஜான்சன் ஜனாதிபதியாகி, ஓய்வு பெற்று, செத்தும் போயிருந்தார்.

அதுவும் பிரைமரிதான். நவம்பரில் எதிரே நின்ற ரிபப்ளிகன் பெயர் என்ன என்று இங்கே யாராவது பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஐவாகாரி | 17 மார்ச் 2024

தாத்தா வகுப்பு எடுத்தால் ஃபீஸ் கட்டிவிடலாம்.

முள்வேலி | 26 மே 2024

இழையை மேலே தூக்குகிறேன். சான் அன்டோனியோவில் நேற்று முடிந்த எங்கள் மாநில மாநாட்டில், இனிமேல் ரிபப்ளிகன் பிரைமரியில் பதிவு செய்த கட்சிக்காரர் மட்டும்தான் போட வேண்டும் என்று விதி கொண்டுவந்திருக்கிறார்கள். மாநிலச் சட்டம் மாறாமல் இது எப்படி நடக்கும் என்று தெரியவில்லை, கோர்ட்டுக்குப் போகும் என்றுதான் நினைக்கிறேன். காற்றாலைத் தம்பி, செவ்வாய்க்கிழமை ரன்-ஆஃபை விட்டுவிடாதே, இதுதான் உனக்குக் கடைசி வாய்ப்பாகக்கூட இருக்கலாம். என்னடா இவனே சொல்கிறான் என்று பார்க்காதே. எதிர்ப்பது வேறு, இருக்கும் விதிப்படி ஆடுவது வேறு.

காற்றாலைக்காரன் | 29 மே 2024

அண்ணே, போனேன். மெமோரியல் டே நீண்ட விடுமுறைக்கு மறுநாள் தேர்தல் வைத்தது யார் யோசனையோ, பாதி ஊர் ஏரிக்கரையில். ஸ்கூலும் மூடியாயிற்று. நான் போன நேரத்தில் தீயணைப்பு ஹாலில் கிளார்க்குகள் நாலு பேர், வோட்டர் நான் ஒருவன். அதே புரொப்பேன் அம்மா. இந்தத் தடவை எந்தக் கட்சி என்று கேட்கவில்லை, மார்ச்சில் போட்டது திரையிலேயே வந்துவிடுகிறது. சீட்டில் இரண்டே பதவி, அரை நிமிஷ வேலை. மார்ச்சில் போடாதவர்கள்கூட இதில் போடலாமாம், எந்தக் கட்சி ரன்-ஆஃப் என்றாலும். அதைச் சொன்னபோது கூட வேலை பார்க்கும் மூன்று பேர் நம்பவில்லை. ஒருத்தனை மட்டும் கையோடு இழுத்துக்கொண்டு போனேன்.

முடிவு: கேபிள்காரர் ஜெயித்தார். வித்தியாசம் என் மனைவியின் ஒரு வகுப்பறைக்குள் அடங்கும். காலையில் டெய்ரி குவீனில் ஏரிக்குப் போன கோஷ்டி முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு, யார் யார் போகவில்லை என்று விரல் விட்டு எண்ணினார்கள். ஒரு திருட்டுக்குள் வந்து சேர்கிறாரா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் வவுச்சர் கதை அப்படி இல்லை. ரன்-ஆஃபுக்குத் தள்ளப்பட்ட நாலு பேரில் நியூ பாஸ்டன் வான்டீவர் ஒருவர்தான் பிழைத்தார். அடுத்த வருடம் ஆஸ்டினில் மசோதா நிறைவேறிவிடும் என்று மனைவி இப்போதே சொல்கிறாள்.

தாமிரபரணி77 | 29 மே 2024

வாழ்த்து. ஷெரிஃபுக்கு மட்டும். கொள்கையில் நான் மாறவில்லை. ஆனால் உங்கள் கவுண்டியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யாரும் கேட்காதீர்கள்.

வேலூர்அக்கா | 30 மே 2024

தம்பி, நவம்பருக்குக் கிளார்க் வேலைக்கு எல்லாக் கவுண்டியிலும் ஆள் தேடுகிறார்கள். இருப்பவர்கள் எல்லாம் எழுபது தாண்டியவர்கள். காலை ஆறுக்குப் போக வேண்டும், வீடு திரும்ப ஒன்பது ஆகும், காசு கொஞ்சம்தான், ஆனால் ஆளுக்கொரு கேசரோல் கொண்டுவருவார்கள். நீங்கள் லெமன் சாதம் கொண்டுபோங்கள், நான் கொண்டுபோன வருடம் மதியத்துக்குள் பாத்திரம் காலி.

காற்றாலைக்காரன் | 2 ஜூன் 2024

ஃபாரம் வாங்கி வந்துவிட்டேன் அக்கா. இந்தத் தடவை கவுண்டி ரோடு நம்பரைச் சரியாக எழுதினேன். அதற்கு அடுத்த வரியில் ஒரு கேள்வி இருக்கிறது, எந்தக் கட்சி என்று. இரண்டு நாளாக ஃபாரம் ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது.